டேப்பை எடுக்காமல் தொகை சொன்னவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கொட்டேஷனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே வரிதான் இருக்கிறது. "3 டன் ஹீட்டிங், கூலிங் சிஸ்டம், மாட்டும் கூலி உட்பட." கீழே ஒரு தொகை. அதற்கும் கீழே, இன்றே உறுதி செய்தால் தள்ளுபடியாம். மாடல் நம்பர் கிடையாது, மெஷினுக்குள் சுற்றிக் குளிரவைக்கும் கேஸ் எது என்று கிடையாது, பழைய மெஷினை யார் கழற்றி எடுத்துப் போவது என்றும் கிடையாது. "ஆள் நல்லவராகத் தெரிகிறார் அம்மா, ரொம்ப மரியாதையாகப் பேசினார்" என்று எழுதியிருக்கிறாய். விற்க வருகிறவருக்கு மரியாதையாகப் பேசத் தெரியாமலா இருக்கும்? அவர் உன் வீட்டில் எவ்வளவு நேரம் இருந்தார், எந்தெந்த அறைக்குள் போனார், பையிலிருந்து என்ன எடுத்தார் என்பதைச் சொல்.

நான் ஏசி சர்வீஸ் ஆபீசில் புகார் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவள். அந்தப் பதிவேட்டை வருஷக்கணக்கில் எழுதினால் ஒன்று தானாகப் புரிந்துவிடும்: புகார் மெஷினின் பிராண்டைப் பார்த்து வருவதைவிட, அதை மாட்டிய ஆளைப் பார்த்துத்தான் அதிகம் வரும். ஒரே மாடல், ஒரே மாதம் வாங்கியது. ஒருவர் மாட்டிய வீட்டிலிருந்து போனே வராது. இன்னொருவர் மாட்டிய வீட்டிலிருந்து முதல் கோடையிலேயே வந்துவிடும். போன் வராத வீடுகளுக்குப் போன மெக்கானிக்குகள் எல்லோரும் இனிமையாகப் பேசுகிறவர்கள் இல்லை. ஒருவர் வாயைத் திறந்தாலே எரிச்சலாக இருக்கும். ஆனால் எதையும் அளந்துவிட்டுத்தான் சொல்வார், அளந்ததை எழுதியும் வைப்பார். நீயும் அதை மட்டும் பார்த்தால் போதும்.

முதலில் அந்த 3 டன் எங்கிருந்து வந்தது என்று கேள். ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு (அது வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். உன் வீட்டுக்கு எத்தனை டன் வேண்டும் என்பது சதுர அடியை மட்டும் வைத்து முடிவாகிற விஷயம் இல்லை. ஜன்னல்கள் எந்தத் திசை, எவ்வளவு பெரிது, ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா, கூரைக்கு மேல் இன்சுலேஷன் இருக்கிறதா, கதவிடுக்கில் காற்று எவ்வளவு கசிகிறது, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எல்லாம் சேர்ந்ததுதான் கணக்கு. ஒவ்வோர் அறைக்கும் போட வேண்டும். கூலிங்குக்குத் தனி, ஹீட்டிங்குக்குத் தனி. அதற்கு டேப் வேண்டும், பரணில் ஏறிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் இல்லாமல் 3 டன் என்றால், பழைய மெஷினின் லேபிளைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார், அல்லது "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒரு படி கூட்டிப் போட்டிருப்பார்.

பெரியதாக இருந்தால் நல்லதுதானே என்று மாப்பிள்ளை கேட்பார். நல்லதில்லை. தேவைக்கு மேல் பெரிய மெஷின் அறையைச் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். காற்றில் இருக்கும் ஈரம் மெஷினுக்குள் இருக்கும் காயில் என்ற குளிர்ந்த குழாய்ச் சுருளில் படிந்து, சொட்டி, வடிய நேரம் வேண்டும். அந்த நேரத்தை அது கொடுப்பதில்லை. கடைசியில் வீடு சில்லென்று இருக்கும், பிசுபிசுப்பு போகாது. வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் 1902இல் வடிவமைத்த முதல் ஏர் கண்டிஷனிங் அமைப்பே நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காகத்தான். அங்கே பிரச்சினை ஈரம். ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழவில்லை. ஈரத்தை எடுக்கப் பிறந்த மெஷினை ஈரம் எடுக்கவிடாமல் மாட்டுவது என்ன நியாயம்? இப்போது வரும் இன்வெர்ட்டர் மெஷின்கள் வேகத்தைக் குறைத்து ஓடுவதால் கொஞ்சம் சமாளிக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

அடுத்தது, பழைய மெஷினில் "கம்ப்ரசர் போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும்" என்று அவர் சொன்னது. கம்ப்ரசர் என்பது கேஸை அழுத்திச் சுற்றவிடும் பாகம். இருக்கலாம். அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? அவுட்டோர் யூனிட் உறுமிவிட்டு ஓடாமல் நிற்பதற்கு, பல நேரம் கெபாசிட்டர் என்ற சின்ன உதிரிப் பாகம்தான் காரணம். மொத்த மெஷினின் விலையில் அது ஒன்றுமே இல்லை. மீட்டர் வைத்து கெபாசிட்டரைப் பார்த்தாரா, கம்ப்ரசரின் உள்ளே இருக்கும் கம்பிச் சுற்றை (வைண்டிங்) அளந்தாரா, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்த்தாரா? மூடியைக்கூடக் கழற்றாமல், காது கொடுத்துக் கேட்டே கம்ப்ரசர் செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு வசனம் இருக்கிறது: "கேஸ் குறைஞ்சிருக்கு, டாப்-அப் பண்ணணும்." பாப்பா, கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். கசிவு எங்கே என்று காட்டாமல் கேஸ் மட்டும் ஏற்றிவிட்டுப் போகிறவர் அடுத்த வருஷமும் வருவார், அதையே சொல்வார். நேர்மையான மெக்கானிக் சோப்பு நுரையோ டிடெக்டரோ வைத்துக் கசிகிற இடத்தைக் காட்டுவார். பல நேரம் ஜாயின்ட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும், உன் கண்ணுக்கே தெரியும். அதை அடைத்துவிட்டு, தராசு வைத்து, மெஷினின் பிளேட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கிறதோ அந்த எடைக்கு ஏற்றுவார். பைப்பைத் தொட்டுப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்வது அளவு இல்லை.

எந்த கேஸ் என்பதையும் கேட்டுக்கொள். பழைய மெஷின் ஆர்-22 என்றால் அதில் மேலும் பணம் போடாதே. ஓசோனைக் கெடுப்பதால் 1987இன் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் அதை உலகமே ஒதுக்கிக்கொண்டிருக்கிறது. புதியது ஆர்-410ஏ என்றால் ஏன் என்று கேள். அது ஓசோனைக் கெடுக்காது, ஆனால் பூமியைச் சூடாக்கும் திறனில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு என்கிறது கணக்கு. ஆர்-32க்கு 675. அதே ஒப்பந்தத்துக்கு 2016இல் வந்த கிகாலி திருத்தத்துக்குப் பிறகு அதிக மடங்கு உள்ளவற்றை நாடுகள் குறைத்துக்கொண்டு வருகின்றன. இன்று மாட்டும் மெஷினுக்குப் பல வருஷம் கழித்தும் கேஸ் கிடைக்க வேண்டும் இல்லையா? ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக் கூடியது. பயப்பட வேண்டாம், ஆனால் அதைக் கையாளப் பயிற்சி எடுத்தவரா என்று கேட்பது உன் உரிமை.

இனி மாட்டும் நாளுக்கு வருகிறேன். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். அன்றைக்கு உங்கள் இருவரில் ஒருவர் லீவு போட்டு வீட்டில் இருங்கள். காப்பர் பைப்பை இணைத்த பிறகு அதற்குள் உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, கசிகிறதா என்று விட்டுவைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அழுத்தம் மிகவும் இறங்கினால்தான் பைப்பில் ஒட்டியிருக்கும் ஈரம் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். நல்ல மெக்கானிக்குகள் மைக்ரான் கேஜ் என்ற, வாக்யூமை நுணுக்கமாக அளக்கும் மீட்டர் வைத்து 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குவார்கள். பிறகு பம்பை நிறுத்தி, அந்த அளவு மேலே ஏறுகிறதா என்று காத்திருப்பார்கள். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் அது கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து மெல்ல அமிலமாகும். கம்ப்ரசர் அன்றைக்கே போகாது. வாரண்டி முடிந்து, மாட்டியவரின் பெயரும் மறந்த பிறகு போகும்.

சிலர் பம்ப்பே போடாமல் உள்ளே இருக்கும் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றைத் துரத்துவார்கள். "உஸ்" என்று ஒரு சத்தம், வேலை முடிந்தது. வெளியே பார்த்தால் இரண்டு வேலைக்கும் வித்தியாசமே தெரியாது. பம்ப் ஓடும்போது சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, அதனால் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். மிகக் குறைந்த கொட்டேஷனைக் கண்டு எனக்கு வரும் பயமும் அதுதான். மெஷினின் விலையில் ஒருவர் பெரிதாக என்ன குறைத்துவிட முடியும்? நேரத்தில்தான் குறைப்பார். அளந்து பார்க்கத் தனியாகக் கட்டணம் கேட்கிறவர் வந்தால் முகம் சுளிக்காதே, கொடு. அந்தக் கணக்கு உன் கையில் இருந்தால் மற்றவர்களின் கொட்டேஷனையும் அதை வைத்தே பார்க்கலாம்.

எல்லாம் மாட்டி ஓடவிட்ட பிறகு, மெஷின் இழுக்கும் காற்றுக்கும் வெளியே விடும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று தெர்மாமீட்டர் வைத்துக் காட்டச் சொல். கூலிங்கில் பொதுவாக 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், ரொம்ப ஈரமான நாளில் கொஞ்சம் குறையும். வாக்யூம் எவ்வளவு, கேஸ் எத்தனை கிராம், கரண்ட் எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல். கடைசித் தவணைப் பணம் அந்தத் தாள் உன் கைக்கு வந்த பிறகுதான். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரோடு முதலிலேயே வேண்டாம்.

ஹீட்டிங் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் இரண்டு விஷயம் சொல்வேன். அவர் ஹீட் பம்ப், அதாவது ஏசியைத் திருப்பி ஓட்டி வெளியே இருக்கும் சூட்டை உள்ளே கொண்டுவரும் மெஷின், போடச் சொன்னால், உங்கள் ஊரில் மிகக் குளிரான ராத்திரியில் அது எவ்வளவு சூடு கொடுக்கும் என்று கம்பெனி அட்டவணையைக் காட்டச் சொல். வெளியே குளிர் ஏற ஏற அதன் திறன் இறங்கும். லேபிளில் இருக்கும் எண் இதமான குளிருக்கானது. அப்புறம், குளிர்காலத்தில் அவுட்டோர் யூனிட்டிலிருந்து திடீரென்று புகை மாதிரி எழும், உள்ளே சூடு கொஞ்ச நேரம் நிற்கும். அது தன் மேல் படிந்த உறைபனியைத் தானே உருக்கிக்கொள்கிறது. அதைப் பழுது என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதே.

லைசன்ஸ் விஷயம்: அவர் காட்டும் அட்டையைப் பார்த்துத் தலையாட்டாமல், அந்த நம்பரை அரசாங்கப் பதிவில் நீயே தேடிப் பார். ஹீட்டரில் எரியும் கேஸ் வரும் லைனைத் தொடுவதற்கும் மின் இணைப்புக்கும் தனித்தனி அனுமதி தேவைப்படலாம். வேலைக்காரர் உன் கூரையிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு, அவருக்கு இன்சூரன்ஸ் உண்டா என்பதையும் கேள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். வாரண்டி "10 வருஷம்" என்றால் பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டும்தான், கூலி அதில் வராது. எதற்கு எத்தனை வருஷம் என்று தனித்தனியாக எழுதி வாங்கு. முன்பு வேலை செய்த வீடு ஒன்றைச் சொல்லச் சொன்னால் போன வாரம் மாட்டிய வீட்டைச் சொல்வார். இரண்டு குளிர்காலம் தாண்டிய வீடாகக் கேள்.

இந்த ஆளை அடியோடு ஒதுக்கிவிடு என்று நான் சொல்லவில்லை. டேப்போடு திரும்பி வரச் சொல், வருகிறாரா பார். அதோடு வேறு இரண்டு பேரையும் கூப்பிடு. மூவரிடமும் ஒரே கேள்விகளைக் கேள். தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்றால் முடியட்டும்.

ஒன்று மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். அந்தப் பழைய கேஸ் ஹீட்டரின் உள் தகட்டில் விரிசல் என்று அவர் சொன்னது பயமுறுத்தலாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். போட்டோ கேள், இன்னொருவரை வைத்துப் பார்க்கச் சொல், அதுவரை அதைப் பற்றவைக்காதே. விரிசல் உண்மையானால் கார்பன் மோனாக்ஸைடு வீட்டுக்குள் வரலாம், அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நாளைக்கே ஒரு கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாங்கி, படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் மாட்டச் சொல் மாப்பிள்ளையிடம். மாட்டியதும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா