உன் கடை ஈஸ்ட்டும் என் குளத்துக் கட்லாவும்

ஒரத்தநாடு,
மார்கழி 5

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்குப் பத்தாம் வகுப்பு, வீடே பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான்.

தீபாவளிக்கு நீ நாலு தடவை போன் பண்ணினாய். நான் எடுக்கவில்லை. நீ கோபமாக இருப்பதாக வாத்தியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். எடுத்திருந்தால் பேச்சு வந்திருக்காது, சேகர். அதற்கு முந்தின வாரம்தான் குளத்தில் 140 மீன் செத்தது. பாதிக்கு மேல் கட்லா, ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாது. அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? அதில் ஊற்றியது உன் பேக்கரியிலிருந்து நீ கொடுத்துவிட்ட ஈஸ்ட்.

உன் மேல் தப்பில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சீர்காழிப் பக்கம் இறால் வளர்க்கிற ஒருவர் சொன்னார், தவிடு, வெல்லம், ஈஸ்ட் மூன்றையும் ஊறவைத்துக் குளத்தில் விட்டால் நுண்ணுயிர் பெருகும், தீவனச் செலவு குறையும் என்று. அவர் சொன்னது சரிதான். அங்கே நிறைய பேர் செய்கிறார்கள். ஆனால் அவர் குளத்தில் தண்ணீரில் காற்றைக் கலக்கிற ஏரேட்டர் ராப்பகலாக ஓடுகிறது, அளவும் ஏக்கர் கணக்கு. என்னுடையது அரை ஏக்கர், ஏரேட்டர் கிடையாது. 200 லிட்டர் டிரம்மில் 30 கிலோ தவிடும் வெல்லமும் போட்டு, உன் அரைக் கிலோ பாக்கெட்டையும் கொட்டி, இரண்டு ராத்திரி வைத்தேன். மூடியைத் திறந்தால் ஐயாவு தாத்தா தோப்புக் கள்ளு வாசனை. உனக்குச் சொல்ல வேண்டுமா? சந்தோஷத்தில் மொத்தத்தையும் ஒரே நாளில் ஊற்றினேன். அன்றைக்கு வானம் மூடி, வெயிலே இல்லை.

வெயில் இருந்தால்தான் தண்ணீரில் இருக்கும் பாசி ஆக்சிஜன் கொடுக்கும். இருட்டிவிட்டால் அந்தப் பாசியே ஆக்சிஜனை எடுக்கும். இதில் ஊற்றின தவிடு வேறு மக்குகிறது, அதற்கும் ஆக்சிஜன் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே முழுக்க வாய். திறந்து திறந்து மூடுகிற வட்ட வட்ட வாய். சத்தம்கூடக் கேட்டது, ‘ப்ளப் ப்ளப்’ என்று. போர் மோட்டாரைப் போட்டு, தண்ணீரைத் தகரத்தில் அடித்துச் சிதறவிட்டு, எட்டு மணி வரைக்கும் போராடினோம். மிச்சம் பிழைத்தது.

அதற்கப்புறம் ஒரு வாரம் குளத்துப் பக்கமே போகப் பிடிக்கவில்லை. பிழைத்த மீனிலும் சிலவற்றுக்குச் செதில் உதிர்ந்து செம்புண். ஒரு கடைக்காரர் ஆன்டிபயாடிக் பொடியைத் தீவனத்தில் கலக்கச் சொல்லி நீட்டினார். வாங்கவில்லை. நம் பிள்ளைகள் தின்கிற மீன் அது. இன்றைக்கு மீனுக்குக் கண்டபடி மருந்தைப் போட்டால் கிருமி அதற்குப் பழகிப்போகும். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த மருந்து கேட்கும்? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அப்போதுதான் ஈஸ்ட்டைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். எகிப்தில் திலேப்பியா மீன் குஞ்சுகளுக்கு உன் கடை ஈஸ்ட்டையே தீவனத்தில் கலந்து கொடுத்து, பிறகு இதே செம்புண் கிருமியை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஆய்வு. கிலோ தீவனத்துக்கு 1 கிராம் போதும் என்பதுதான் முடிவு. ஒரே ஒரு கிராம்! நான் அரைக் கிலோவைக் கொட்டியிருக்கிறேன். பாலுக்கு உறைமோர் எவ்வளவு விடுவோம், அந்தக் கணக்குதான் இதற்கும்.

இன்னொன்று கேள். ஈஸ்ட் செத்தாலும் முழுக்க வீணில்லை. அதன் மேல்தோலில் பீட்டா குளுக்கான் என்று ஒரு சரக்கு இருக்கிறது. மீன் உடம்பு அதை ஏதோ பூஞ்சை உள்ளே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு காவலைக் கூட்டுகிறது. உண்மையான கிருமி வரும்போது காவல் ஏற்கெனவே விழித்திருக்கும். அதே தோலில் மன்னான் என்று வேறொன்று. குடலில் ஒட்டப் போகிற கெட்ட பாக்டீரியா சில, அதில் போய் ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடுகின்றன. இதைப் படித்த ராத்திரி உன்னை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீ இத்தனை வருஷமாகப் பன் உப்புவதற்கு மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறாய்!

இப்போது நான் செய்வது இதுதான். தினம் 12 கிலோ தீவனம், பாதி கடலைப் புண்ணாக்கு, பாதி தவிடு. அதற்கு 12 கிராம் ஈஸ்ட். கை பொறுக்கிற வெதுவெதுப்பில் அரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் வெல்லம், அதில் ஈஸ்ட்டைத் தூவிப் பத்து நிமிஷம். மேலே பழுப்பாக நுரை கட்டி, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வெடிக்கும். ஆறின வடிகஞ்சியோடு சேர்த்துத் தீவனத்தில் பிசைந்து, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, ஓட்டைப் பையில் கட்டிக் கம்பில் தொங்கவிடுகிறேன். ஒரு நாள் மச்சான் அவசரத்தில் கொதிக்கிற கஞ்சியை ஊற்றிவிட்டான். நுரை அப்படியே அடங்கிப்போச்சு. அன்றைக்கு மீனுக்குக் கிடைத்தது வெறும் தோல்தான். ஆலையில் சூட்டோடு குருணை பிழிகிற தீவனத்திலும் இதே கதை. உயிரோடு வேண்டும் என்றால் ஆறின பிறகு மேலே பூசத்தான் வேண்டும்.

போன வாரம் வீச்சுவலை போட்டுப் பத்து ரோகு மீனை எடை பார்த்தோம். ஐப்பசியில் சராசரி 420 கிராம் இருந்தது, இப்போது 530. செம்புண் ஒன்றில்கூட இல்லை. எல்லாம் ஈஸ்ட்டால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். சுண்ணாம்பு போட்டேன், மேகம் மூடின நாளில் தீவனத்தையே நிறுத்தினேன், தண்ணீரும் மாற்றினேன். ஆனால் பை காலியாகிற வேகத்தைப் பார்த்தால் என் மனசு ஈஸ்ட் பக்கம்தான் சாய்கிறது. நார்வேயில் மரத்திலிருந்து சர்க்கரை எடுத்து, அதில் ஈஸ்ட் வளர்த்து, மீன்தூளுக்குப் பதிலாகச் சால்மனுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். கடலில் மத்தியை அள்ளி அரைத்து, வளர்க்கிற மீனுக்குப் போடுவது எத்தனை நாளைக்கு ஓடும் சொல்லு. மத்தி ஏழை வீட்டுக் குழம்பு அல்லவா?

சித்ரா கல்யாணத்துக்குப் போனாயா? நெட்டை வந்தானா? பதிலில் எழுது, அந்தப் பந்திக் கதையை மறுபடியும் ஆரம்பித்தானா என்றும் எழுது.

தை கடைசியில் இழுவலை போடுகிறோம். நீ வந்தாக வேண்டும், கடையைத் தம்பி பார்த்துக்கொள்ளட்டும். அதற்குள் ஈஸ்ட் இன்னும் இரண்டு பாக்கெட் அனுப்பு. பஸ்ஸில் கொடுத்தால் கண்டக்டரிடம் சொல்லிவிடு, போன தடவை மாதிரி என்ஜின் பானெட் மேல் வைக்க வேண்டாம். அந்தப் பாக்கெட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் பார்த்தேன், கால் மணி நேரமாகியும் ஒரு குமிழ் வரவில்லை.

அன்புடன்,
குமார்