ஜன்னலோரம் நின்று ஒரு படம் எடு

கல்லடி,
ஆடி அமாவாசைக்கு மறுநாள்.

அன்பு மகனுக்கு,

நேற்று மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போய்வந்தோம். உனக்குப் பதிலாகத் தம்பிதான் அப்பாவுக்குப் பிதிர்க்கடன் செய்தான். பெரியம்மாவின் காணி விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன், இப்போது கை அதற்கு ஓடவில்லை.

நீ அனுப்பிய படத்தை அக்கா பெரிதாக்கிக் காட்டினாள். சட்டை அழகாக இருக்கிறது. கண்வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறதே என்று கேட்டதற்கு, அறை விளக்கின் நிறம் என்றாய். அதற்குப் பிறகு பதினாறு நாள் பேச்சில்லை.

மாசியில், பித்தம் ஈரலிலிருந்து குடலுக்கு இறங்கும் உன் பித்தக்கானில் குழாய் வைத்தார்கள். பிளாஸ்டிக் குழாய் தூர்ந்துபோகும், மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும் என்று வைத்தியர் சொன்னதாக நீயே சொன்னாய். எண்ணிப் பார்த்தேன், ஐந்து மாதம் ஆகிவிட்டது. லீவு கிடைக்கவில்லையென்றால் அதையாவது சொல். இரண்டு வேலை பார்த்துத் தம்பியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியவன் என் மகன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கென்று ஒரு நாள் ஒதுக்க முடியவில்லையா?

பித்தம் கொழுப்பைச் சமிக்க உதவும் என்று வகுப்பில் உனக்கும் படிப்பித்தேன். குடலில் பற்றீரியாவைப் பெருகவிடாமல் அடக்குவதும், அவற்றின் நஞ்சைக் கட்டிப்போடுவதும் அதுதான். அது இறங்காவிட்டால் குடற்சுவர் தளர்ந்து கிருமி குருதிக்குள் நுழையும். அதைப் பிடித்து விழுங்க வேண்டிய ஈரலின் காவற்கலங்களும் பித்தம் தேங்கினால் சோர்ந்துவிடும். முகத்துவாரம் மண்மூடிக் கிடக்க, மாரி மழையில் வாவி ஏறி வீட்டுக்குள் வந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மேட்டை வெட்டிவிட்ட பிறகுதானே வெள்ளம் வடிந்தது? இதுவும் அப்படித்தான். எத்தனை மருந்து விழுங்கினாலும் அடைப்பைத் திறக்க வேண்டும். திறக்கப் போ, மகன்.

இவ்வளவையும் அப்பா போன பிறகுதான் தேடிப் படித்தேன். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நான், அவர் கண் மஞ்சளானபோது செங்கமாரி என்று முடிவுசெய்து கீழ்காய்நெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன். பதினொரு நாள் கொடுத்தேன். மலம் சுண்ணாம்பு போல வெளிறிப் போவதாக அவரே சொன்னார், பத்தியம் என்றேன். பன்னிரண்டாம் நாள் இரவு கட்டில் சுவரில் இடிக்கும் அளவுக்கு நடுங்கினார். போர்வைக்கு மேல் போர்வை போட்டு விடியும்வரை காத்திருந்தேன். மஞ்சள் கண், வலப்பக்க மேல்வயிற்று வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அடைபட்ட பித்தக்கானில் கிருமி ஏறிவிட்டது என்று அர்த்தம். இவை சேர்ந்து வருவதை சார்கோ என்ற பிரெஞ்சு வைத்தியர் 1877இலேயே எழுதிவைத்திருக்கிறார். உங்கள் மூவரிடமும் 'திடீரென்று' என்றுதான் இதுவரை சொன்னேன். திடீரென்று இல்லை, மகன்.

நடுக்கம் வந்தால் நடுச்சாமம் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வராவிட்டாலும் இந்தக் கிழமையே போ.

பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நின்று, கீழிமையை இழுத்துப் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்பு. குழாய் எடுத்த திகதியையும் அதோடு எழுது.

அம்மா