பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பிப்பது பற்றிக் கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பெயின்ற், குரோம் என்று பந்தி பந்தியாக எழுதியவர், எஞ்சினுக்குள் வாயு போய்வரத் திறந்து மூடும் வால்வின் வேலையை மட்டும் ‘பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போதும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பஞ்சிகாவத்தையில் பாகம் தேடி அலைந்து எஞ்சின் கட்டுகிற பொடியன்கள் இதை நம்பிவிடக்கூடாது.

வால்வையும், அது மூடும்போது உட்காரும் வளையமான சீற்றையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் இந்த அரைக்கும் பேஸ்ட் கடைசி வேலை. முதலில் பார்க்க வேண்டியது கைட், அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய். வால்வைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். நன்றாக ஆடினால் கைட் தேய்ந்துவிட்டது. சீற் வெட்டும் கட்டர் அந்தக் கைட் துளையைப் பிடித்துத்தான் சுழல்கிறது. துளையே தேய்ந்திருந்தால் சீற் எப்படி நேராக வரும்? கைட்டை மாற்றிவிட்டுத்தான் கட்டரைத் தொட வேண்டும். பெரும்பாலும் வால்வ் உட்காரும் முகம் 45 பாகை. அதன் இரு பக்கமும் 30, 60 பாகையில் சீவி, முகத்தை ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுக்குவார்கள். எக்ஸோஸ்ட் பக்கம் சற்று அகலமாக விடலாம், வால்வின் சூடு பெரும்பாலும் அந்த வளையம் வழியாகத்தான் இறங்குகிறது.

குழி விழுந்த வால்வை மணிக்கணக்கில் தேய்த்தால் முகத்தில் பள்ளம் விழும், சீற்றும் வீணாக அகலும். ஒழுங்காக வெட்டிய சீற்றுக்கு நைஸ் பேஸ்ட் கொஞ்ச நேரம் போதும். எங்கும் அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிந்தால் சரி. அப்புறம் பேஸ்ட்டை மண்ணெண்ணெயில் சுத்தமாகக் கழுவி, ஸ்பிரிங்கைப் போட்டு, வாயு வந்துபோகும் வழியான போர்ட்டில் பெற்றோல் ஊற்றிக் கசிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. சீற்றைத் தேயாமல் காத்துவந்த, ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுபோனதால் எல்லாப் பழைய எஞ்சினுக்கும் கடினமான புதுச் சீற் அடிக்க வேண்டும் என்று கராஜ்களில் கதைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பி.எஸ்.ஏ. எம்20 போன்ற, சிலிண்டருக்குப் பக்கத்தில் வால்வ் இருக்கும் சைட் வால்வ் வண்டியில் சீற் இருப்பது ஹெட்டில் அல்ல, சிலிண்டர் வார்ப்பில். அதைத் தோண்டப் போய் வார்ப்பு வெடித்தால் வேறு சிலிண்டருக்கு எங்கே போவது? ஞாயிறு காலையில் காலிமுகத்திடல் வரை ஓடுகிற வண்டிக்கு டப்பட் இடைவெளியை, அதாவது வால்வ் தண்டுக்கும் அதைத் தள்ளும் டப்பட்டுக்கும் நடுவே விடும் இடைவெளியை, அவ்வப்போது பார்த்தால் போதும். சரிசெய்யச் சரிசெய்ய இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் சீற் இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது லேத்காரரிடம் போகலாம்.

வாசகர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.