ஓடைக்குக் குறுக்கே கிடக்கும் மூடுகல்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காபி பறிப்பு முடிந்த கையோடு நானும் என் மனைவியும் ஊர்க்காரர்கள் இருபது பேரோடு ராஜஸ்தான் போய் வந்தோம். உதயப்பூர், கும்பல்கர், சித்தூர்கர் என்று ஒன்பது நாள். கும்பல்கர் கோட்டை மதில் 36 கிலோமீட்டர் நீளம் என்று வழிகாட்டி சொன்னபோது நான் நம்பவில்லை, மேலே ஏறி நின்று பார்த்தால் அது மலைமேல் ஏறுவதும் இறங்குவதுமாகக் கண்ணுக்கு எட்டியவரை போய்க்கொண்டே இருக்கிறது. உதயப்பூர் பிச்சோலா ஏரியில் படகு ஓட்டியவர், இந்த ஏரியை முதலில் உண்டாக்கியது ராஜா இல்லை, 14ஆம் நூற்றாண்டில் தானியம் ஏற்றிப்போன ஒரு பஞ்சாரா வியாபாரி, ராணாக்கள் அப்புறம் வந்துதான் பெரிதாக்கினார்கள் என்று அவ்வளவு பெருமையாகச் சொன்னார். கொடைக்கானல் ஏரியை 1863-இல் உண்டாக்கியவர் மதுரையில் கலெக்டராக இருந்த வெர் லெவிஞ்ச் என்பது அந்த ஏரியைச் சுற்றி நூறு தடவை சைக்கிள் விட்ட என் பேரனுக்குத் தெரியவில்லை. நானும் அவனுக்குச் சொன்னதில்லை.

ஆனால் நான் எழுத வந்தது ஏரியைப் பற்றி இல்லை, எங்கள் கொடைக்கானல் மலையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய கல்திட்டைகளைப் பற்றி. சித்தூர் கோட்டையில் ராணா கும்பா கட்டிய ஒன்பது நிலை வெற்றித் தூண் பக்கத்தில் எங்களோடு வந்த ஒரு பையன் சாவியால் கல்லைக் கீறப் போனான். எங்கிருந்தோ ஓடி வந்த காவலர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார், திட்டவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு அந்த இடத்திலேயே எங்கள் தோட்டத்துக் கல் ஞாபகம் வந்துவிட்டது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பேத்துப்பாறைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்வது தெரியும். மூன்று பக்கம் பலகைக்கல்லை நிறுத்தி மேலே ஒரு பெரிய கல்லைப் படுக்கப் போட்டு வைத்த கல்திட்டைகள், எங்கள் ஊரில் குள்ளர் வீடு என்போம், சிலர் பாண்டவர் வீடு என்பார்கள். உண்மையில் அவை பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. செண்பகனூர்ப் பாதிரியார் ஆங்கிலேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து எங்கள் பழனிமலைத் தொடரின் கல்திட்டைகளைப் பற்றி எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928-லேயே நூலாகப் போட்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்ட மலை இது. பேகனுக்கு இங்கே அரண்மனை எதுவும் மிஞ்சவில்லை, மிஞ்சியது இந்தக் கற்கள்தான்.

எங்கள் தோட்டத்திலும் ஒன்று இருந்தது. அப்பா காலத்தில் எட்டு ஆள் சேர்ந்து கடப்பாரை போட்டு மூடுகல்லை நெம்பி உருட்டி ஓடைக்குக் குறுக்கே பாலமாகப் போட்டார்கள். அதன்மேல் நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும், அம்மா சாம்பல் தூவி வைப்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, என்ன கல் என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் இன்றைக்குத் தெரிந்தும் நடக்கிறது. பேத்துப்பாறை மேட்டில் போன வருஷம் நான் பார்த்த ஒரு திட்டைக்குள் உடைந்த பாட்டில், நிறுத்துகல்லில் நீலப் பெயிண்டில் இரண்டு பேர் பெயர், நடுவில் ஒரு இதயம்.

தோட்டக்காரர்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்றால், பட்டா நிலத்தில் பழைய கல் இருக்கிறது என்று சொன்னால் நிலமே போய்விடும் என்ற பயம். என் சொந்த மச்சானே 'பேசாம இருங்க மாமா' என்றுதான் சொல்கிறார். இந்தப் பயம் போக வேண்டுமென்றால் தொல்லியல் துறையும் வருவாய்த் துறையும் வனத்துறையும் சேர்ந்து ஊர் ஊராகக் கிராம சபையில் உட்கார்ந்து, கல் இருக்கும் இடத்துக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு, மற்ற நிலத்தில் விவசாயத்துக்கு என்ன பாதிப்பு, இல்லை பாதிப்பே இல்லையா என்பதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கணக்கெடுப்பு அதற்கப்புறம்தான் நடக்கும். அதற்கு முன்னால் வந்தால் யாரும் காட்ட மாட்டார்கள்.

சுற்றுலாவுக்கும் ஒன்று சொல்கிறேன். திண்டுக்கல் மலைக்கோட்டையில் தொடங்கி, வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்து 1801-இல் தூக்கிலிடப்பட்ட கோபால் நாயக்கரின் விருப்பாச்சி, பழனி, அப்படியே மலையேறிப் பேத்துப்பாறைக் கல்திட்டை, கொடைக்கானல் ஏரி, பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில், இறங்கும்போது முருகன் பழனிக்குத் தாண்டிக் குதித்ததாகச் சொல்லும் தாண்டிக்குடி. கோட்டை, பாளையம், கோயில், ஏரி எல்லாம் ஒரே மாவட்டத்தில் இருக்கிறது. இரண்டு நாளில் பார்த்துவிடலாம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால், பாட்டில் உடைக்கிறவனைத் தடுக்க அவர்களே போதும்.

எங்கள் தோட்டத்தில் நிறுத்துகற்கள் மூன்றும் காபிச் செடிகளுக்கு நடுவே இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. மூடுகல் ஓடையில்தான் கிடக்கிறது, விரிசல் கூட விடவில்லை. ஓடைக்கு வேறு பாலம் நான் போட்டுக்கொள்கிறேன். துறையிலிருந்து ஆள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், தூக்கி வைக்க ஆளும் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு காபித் தோட்டக்காரர்,
தாண்டிக்குடி