வெள்ளைக் கவுனைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம்

அன்புள்ள செல்விக்கு,

மேரி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அண்ணனையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். கோயம்புத்தூர்க் குளிர், உன் பல் வலி, கீழ்வீட்டுக்காரியின் சண்டை எல்லாவற்றையும் வாட்ஸப்பில் பேசிக்கொள்ளலாம். உன்னிடம் கேட்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதைப் போனில் அனுப்பினால் நீ ஒரு மஞ்சள் மூஞ்சியைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

முதலில் சில்லறைச் செய்திகள். டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை எழுதிவிட்டேன். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து டீச்சர்மார் யாருக்கும் தூக்கமில்லை. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிறவர்கள் இரண்டு வருஷத்துக்குள் பாஸ் பண்ணியாக வேண்டுமாம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எதற்கு வம்பு என்று நவம்பர் 15-ஆம் தேதி நானும் போய் உட்கார்ந்தேன். 150 கேள்வி, மூன்று மணி நேரம். ஹால் முழுக்க என்னைப் போல் மூக்குக்கண்ணாடி போட்ட அத்தைமார். முந்தின நாள் காலை ஜெபத்தில் இரண்டாம் வகுப்புப் பயல் ஒருத்தன், "எங்க டீச்சர் காப்பி அடிக்காம பாஸாகணும்னு ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றான். மொத்தப் பள்ளிக்கூடமும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. சிரிக்காதே. அந்தப் பூகோளப் பரீட்சையைத்தானே நினைக்கிறாய்?

பெரிய சிஸ்டர் சுகமாக இருக்கிறார்கள். கன்னியர், குருக்கள் வாங்கும் ஆசிரியர் சம்பளத்திலும் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் தீர்ப்பு வந்தது இல்லையா, அதிலிருந்து ஒரே கேலிதான். "சம்பளம் சபைக்கு, வரி மட்டும் என் பேருக்கு. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவளிடம் பான் கார்டு கேட்கிறார்கள்" என்பார்கள். அப்புறம், காலைச் சாப்பாடு. 2024 ஜூலை 15 அன்று கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சர் தொடங்கி வைத்தாரே, அதிலிருந்து கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. பிள்ளைகள் உணவு ஜெபம் சொல்லி முடிக்கும்வரை மகளிர் குழு அக்கா கரண்டியைப் பிடித்தபடி நிற்பாள். கிச்சடி நாளன்று ஜெபம் நிதானமாக நடக்கும். பொங்கல் என்றால் ஒரே மூச்சில் ஆமென் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்து அரசர் திருநாளன்று நம் கோயிலில் புதுநன்மை, பிள்ளைகள் முதல் முறையாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். மொத்தம் ஏழே பிள்ளைகள். நம் காலத்தில் இரண்டு வரிசை நின்றது. இப்போது நம் கோயிலைச் சேர்ந்த பங்குக்காரர்களின் பிள்ளைகள் மஞ்சள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறார்கள். ஏழில் நாலு பேர் வேன் பிள்ளைகள், சனி ஞாயிறு மறைக்கல்விக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறவர்கள். பங்குப் பேரவைச் செயலாளர் (தெரியும்தானே, நம் 'பிசுக்கு' அண்ணாச்சி) கூட்டம் போட்டு "நம்ம பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தணும்" என்று தொண்டை கிழியப் பேசுவார். அவர் பேரப்பிள்ளைகள் இரண்டும் முதல் வேனில் முதல் சீட். பள்ளிக்கூடத்தில் இப்போது பாதிக்கு மேல் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள்தான். அவர்கள் வருவதால்தான் பள்ளிக்கூடமே திறந்திருக்கிறது. இதைக் கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் குனிந்து செருப்பைப் பார்க்கிறார்கள்.

நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறாள். பெயர் வேண்டாம். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு, அதான் குலசைக்கு, மாலை போடுகிற வீடு. அப்பா வருஷம் தவறாமல் காளி வேஷம் கட்டுகிறவர். இந்தத் தசராவுக்கு இவளுக்குக் குறத்தி வேஷம். கையில் காப்பு, இடுப்பில் கூடை, உதட்டில் அரை டப்பா சாயம். செட்டோடு தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வந்தவள் கன்னியர் மடத்து வாசலிலும் தட்டை நீட்டிவிட்டாள். பெரிய சிஸ்டர் இருபது ரூபாய் போட்டுவிட்டு, "வீட்டுப்பாடம் எழுதியாச்சா?" என்றார்கள். குறத்தி ஒரே ஓட்டம்.

மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்து நன்னெறி எடுக்க வேண்டும். அதுதான் முறை. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்கார வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் ஐந்து வகுப்புக்கு மூன்று டீச்சர். நன்னெறி எடுக்க ஆளுக்கு எங்கே போக? அதே அறையின் பின்வரிசையில் உட்கார்ந்து படம் வரையச் சொல்லுவோம். இவள் படம் வரைந்துகொண்டே அத்தனையும் காதில் வாங்கியிருக்கிறாள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பாவசங்கீர்த்தனத்துக்கு முன் சொல்லும் மனத்துயர் மன்றாட்டு வரைக்கும். முன்வரிசையில் இருக்கும் இவள் கூட்டாளிக்கு ஆறாம் கட்டளைக்கு மேல் ஏறவே ஏறாது. மத்தியானம் வேப்பமரத்தடியில் வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே இவள்தான். சவேரியார் இந்தக் கடற்கரைக்கு 1542-ல் வந்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைச் சேர்த்து ஜெபம் சொல்லிக் கொடுத்து, நீங்கள் போய் வீட்டில் சொல்லிக் கொடுங்கள் என்று அனுப்பினாராம். அந்த வேலையை இப்போது குலசை பக்தர் வீட்டுப் பிள்ளை சம்பளமில்லாமல் செய்கிறது.

ஒத்திகைக்கும் கூட்டாளியோடு போயிருக்கிறாள். பூசையில் வைக்காத வெறும் அப்பத்தை வைத்துத்தானே கை நீட்டவும் நாக்கு நீட்டவும் பழக்குவார்கள். சின்ன சிஸ்டர் வரிசையைக் கவனிக்காமல் இவளுக்கும் ஒன்று கொடுத்துவிட்டார்கள். "உப்பே இல்ல டீச்சர்" என்று என்னிடம் வந்து புகார்.

வியாழக்கிழமை வகுப்பில் பட்டியல் படித்தேன். நம் பள்ளியில் மூன்று, வேன் பிள்ளைகள் நாலு. யார் யார் வெள்ளைக் கவுன், தலையில் வைக்கிற முடி, மெழுகுவர்த்தி வாங்க வேண்டும் என்று. படித்து முடித்ததும் எழுந்து நின்றாள்.

"என் பேரு இல்ல டீச்சர்."

"நீ உங்க அம்மாகிட்ட கேளு" என்றேன். வேறென்ன சொல்ல?

"கேட்டுட்டேன். அம்மா உங்ககிட்ட கேக்கச் சொல்லிச்சு."

பதில் தெரியாமலில்லை, செல்வி. ஞானஸ்நானம் இல்லாமல் நற்கருணை இல்லை. பெற்றோர் சம்மதமில்லாமல் குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை. இரண்டும் திருச்சபைச் சட்டம், இரண்டும் எனக்குச் சம்மதம். ஒரு அப்பத்தைக் கொடுத்து ஒரு பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கிற வேலை யாருக்கும் வேண்டாம். அதை நான் பாதரிடமே சொன்னேன். பாவம், சின்ன வயசு பாதர். அவர் பயம் வேறு. "டீச்சர், யாராவது போனில் படமெடுத்து, பள்ளிக்கூடத்தில் மதம் மாற்றுகிறார்கள் என்று போட்டால் முடிந்தது கதை" என்றார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சட்டத்தையும் சொல்ல முடியாது, பயத்தையும் சொல்ல முடியாது. நாள் தவறாமல் அசெம்பிளியில் "நாம் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று மைக்கில் சொல்கிறவள் நான்தான். அவள் அதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

சனிக்கிழமை அந்த அம்மாவே வந்துவிட்டாள். நான் இரவெல்லாம் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. கையில் ஜவுளிக்கடைப் பை. "டீச்சர், இவ கேட்டுட்டாளேன்னு சாத்தான்குளத்துல வெள்ளைக் கவுன் எடுத்தாச்சு. திருப்பி எடுக்க மாட்டானாம். இத என்ன செய்ய?"

பெரிய சிஸ்டர் சிரித்த சிரிப்பு மாதா கெபி வரைக்கும் கேட்டிருக்கும். "பாட்டுக் குழுவுல எல்லாரையும் வெள்ளையில வரச் சொல்லிருவோம்" என்றார்கள். அவ்வளவுதான். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பம் வேண்டாம் சிஸ்டர். எங்க அத்தைக்குத் தெரிஞ்சா ஆடிருவா. பாட்டுன்னா படிக்கட்டும், அம்மனுக்கும் அவதான படிக்கா."

ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றாள். நற்கருணை நேரத்தில் கூட்டாளி கை குவித்துக்கொண்டு போவதைப் பார்த்தபடியே பாடினாள். சுருதி எங்கேயும் விலகவில்லை. பூசை முடிந்து பாதர் பங்களாவில் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு அவரோடு சாப்பாடு இல்லையா, கூட்டாளி இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். பிசுக்கு அண்ணாச்சி என் காதருகில் வந்து, "ஏழு இலைதான கணக்கு?" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "கணக்கு பார்த்தா உங்க பேரன் சண்டே கிளாஸுக்கு எத்தனை நாள் வந்தான்னும் பார்க்கணும் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். பாதர் எட்டாவது இலையை அவரே எடுத்துப் போட்டார். போட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, அண்ணாச்சியையும் பார்க்கவில்லை.

நம் ஆட்களுக்குக் கணக்கு எப்போதுமே உண்டு. வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கினவர்களையே சாதி பார்த்துப் பிரித்து உட்கார வைக்கக் கோயிலுக்குள் சுவர் வைத்திருந்தார்கள். 1910-ல் அதை இடித்தபோது வழக்குப் போட்டார்கள். அப்பத்துக்கு முழு உரிமை இருந்தவர்களுக்கே அந்தக் கதி. அதனால் எட்டாவது இலைக்கு அண்ணாச்சி முனகுவதைக் கேட்டால் எனக்கு அதிர்ச்சியாக இல்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது. இந்தப் பள்ளிக்கூடமே வீட்டுக்கு வீடு பானையில் சேர்த்த பிடியரிசியில் எழும்பியது. அந்த அரிசிப் பானை உன் ஆச்சி வீட்டு அடுக்களையிலும் இருந்தது. ஆச்சி கோயிலுக்கு ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. உபதேசியார் திங்கட்கிழமை சாக்கோடு வரும்போது "எங்க பிள்ளையும் அங்கதான படிக்கா" என்று கொட்டுவார்களே, அந்த அரிசிக்கு யாரும் இலை எண்ணவில்லை.

இனிமேல் பட்டியலை வகுப்பில் படிக்கக் கூடாது, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டும் என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் சொன்னேன். பெரிய சிஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒளித்து வைத்தால் மட்டும் பிள்ளைக்குத் தெரியாதா? நாம் யாரென்று நேரே சொல்லிவிட்டு, அவளையும் நேரே கூப்பிட்டு உட்கார வைப்பதுதான் மரியாதை" என்கிறார்கள். சின்ன சிஸ்டர் என் பக்கம். பின்வரிசைப் படம் வரைகிற ஏற்பாட்டை நிறுத்தி நன்னெறிக்குத் தனியாக ஆள் போட வேண்டும் என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே கருத்து. ஆள்தான் இல்லை.

இப்போது நீ. ஏட்டி, என் புதுநன்மைப் படம் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. திருச்செந்தூர் ஸ்டுடியோவில் எடுத்தது, பின்னால் நீலத் திரை, கையில் அணைந்த மெழுகுவர்த்தி. அந்த முடியை என் தலையில் குத்தி விட்டது உன் அம்மா. நூறு ஊசியாவது குத்தியிருப்பார்கள். நீயும் அன்று காலையில் எங்கள் வீட்டில் இருந்தாய், அது ஞாபகம் இருக்கிறது. கோயிலில் நீ எங்கே நின்றாய் என்பது ஞாபகத்திலேயே இல்லை. வந்தாயா? வாசலில் நின்றாயா? உனக்கும் எல்லா ஜெபமும் தெரியும், எனக்கு ஜெபமாலை இரகசியங்களை வரிசை மாறாமல் சொல்லிக் கொடுத்ததே நீதான். உனக்கு அன்று எப்படி இருந்தது? ஒன்றுமே இல்லை, மத்தியானக் கறிச்சோற்றுக்காகத்தான் காத்திருந்தேன் என்று நீ சொல்லலாம். அது உண்மையாக இருந்தால் சொல், எனக்கு நிம்மதி. இல்லையென்றால் இல்லாததைச் சொல்லாதே. பெரிய சிஸ்டரோடு திரும்பவும் சண்டை போடப் போகிறேன். அதற்கு உன் பதில் எனக்கு வேண்டும், பின்வரிசையில் உட்கார்ந்த வேறு யாரையும் எனக்கு இத்தனை வருஷப் பழக்கமில்லை.

ஜனவரி 20 செபஸ்தியார் திருவிழா. பொங்கல் லீவுக்கு வருகிறவள் நாலு நாள் சேர்த்து இருந்து அசனம் சாப்பிட்டுவிட்டுப் போ. அண்ணனுக்கு லீவு கிடைக்காவிட்டால் அவர் அங்கேயே இருக்கட்டும், உன்னை நான் பஸ் ஏற்றிவிடுகிறேன். வரும்போது அம்மாவுக்கு அந்தக் கால்வலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. போன தடவை கொண்டுவந்த சின்ன பாட்டில் இல்லை, பெரியது.

அன்புடன்,
மேரி