அந்த அட்டைப்பெட்டியைத் தேடித் தாருங்கள்

மட்டக்களப்பில் பழம்பொருள் கண்காட்சி நடத்திய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்று முறை வந்து போனவன். கடைசி முறை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினீர்கள். ஆகவே முன்கதை வேண்டாம். கண்காட்சிக்கு நான் நம்பித் தந்த, அம்மப்பாவின் இரண்டாம் உலகப்போர்ப் பதக்கங்கள் இரண்டும் படைத் தொப்பிச் சின்னமும் திரும்பி வந்தன. அவை இருந்த அட்டைப்பெட்டி வரவில்லை. அதைத் தேடித் தாருங்கள்.

"பழைய பெட்டிதானே, அதற்குப் பதில் வெல்வெட் பெட்டி தந்திருக்கிறோமே" என்றார் உங்களில் ஒருவர். ஐயா, சிக்கலே அங்கேதான். முதலாம் உலகப்போர்ப் பதக்கம் என்றால் பெரும்பாலும் விளிம்பில் பெற்றவரின் இலக்கமும் பெயரும் பொறித்திருக்கும். இரண்டாம் போர்ப் பதக்கங்களைப் பிரித்தானிய அரசு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அம்மப்பாவுடையதும் அப்படித்தான், விளிம்பில் ஒன்றுமில்லை. இது இன்னாருடையது என்று சொல்ல மிஞ்சியிருந்தவை, மூடியில் மையால் எழுதிய பெயரும் உள்ளே நாலாக மடித்து வைத்த துண்டுச் சீட்டும்தான். இப்போது என் கையில் இருப்பவை காசு கொடுத்தால் எவரும் வாங்கக்கூடிய இரண்டு வட்டத் தகடுகள்.

1978 சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போனது. அம்மாவின் சேலைக்குள் சுற்றியிருந்த அந்தப் பெட்டி போகவில்லை. 2004இல் கடல் வீட்டுக்குள் வந்தபோதும் அலுமாரியின் மேல்தட்டில் நனையாமல் இருந்தது. உங்கள் மூன்று நாள் கண்காட்சியைத்தான் அதனால் தாண்ட முடியவில்லை.

பதக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று 'போர்ப் பதக்கம்' (War Medal). அதன் பின்புறத்தில் இரட்டைத்தலை டிராகன் மேல் ஒரு சிங்கம் நிற்கும். அந்தச் சிங்கத்தின் பிடரி மயிரின் இடுக்குகளில் முக்கால் நூற்றாண்டாகப் படிந்திருந்த கருமைதான் ஒவ்வொரு மயிரையும் பிரித்துக் காட்டியது. பொலிஷ் போட்டு அதைத் துடைத்துவிட்டீர்கள். சிங்கம் இப்போது மொட்டையாகப் பளபளக்கிறது. போதாததற்கு 'வெள்ளிப் பதக்கம்' என்று அட்டை வேறு. இந்தப் பதக்கத்தை வெள்ளியில் அடித்துத் தன் படையினருக்குக் கொடுத்தது கனடா. மற்றவர்களுக்குக் கிடைத்தது செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

தொப்பிச் சின்னத்துக்குப் புளியும் செங்கல் தூளுமாம். குத்துவிளக்குக்கு அது சரி. சின்னத்தின் உச்சியில் உள்ள அரச மணிமுடியின் வளைவு குவிந்திருந்தால் மன்னர் காலத்தது. நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தால் எலிசபெத் ராணி காலத்தது. அதைப் பார்த்துத்தான் காலம் சொல்வார்கள். நீங்கள் தேய்த்த தேய்ப்பில் எந்த வளைவு என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பதக்கத்தின் நாடாவையும் கழற்றிவிட்டுப் புதிதாக நைலோன் நாடா கோத்திருக்கிறீர்கள். முன்பக்கம் வெளிறியிருந்தாலும் பதக்க வளையத்துக்குள் மடிந்திருந்த இடத்தில் பழைய நாடாவின் நிறம் அப்படியே இருந்தது. அது எங்கே?

அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது நம்மட அப்பாட இல்ல மனே" என்று சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டார். அப்புறம் அதைத் தொடவேயில்லை.

1942 ஏப்ரல் 9இல் நம் கரைக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மீஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலுக்கு ஆளுயரப் பதாகை வைத்தீர்கள், 307 பேர் மாண்டதை எழுதினீர்கள். நல்லது. பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில், சுழியோடி ஒருவர் கடலுக்கடியிலிருந்து எடுத்ததென்று ஒரு பித்தளைத் துண்டு. அதில் பச்சைத் தூள் பூத்திருந்ததை யாராவது கவனித்தீர்களா? உள்ளே ஏறிய கடலுப்பை நன்னீரில் நெடுநாள் ஊறவைத்து வெளியேற்றாவிட்டால் அது உலோகத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஆனால் நம் ஊரில் பழையதைக் காப்பது என்றாலே பெயின்ட் அடிப்பதுதானே! கோயில் கற்தூணுக்கும் எனாமல் பெயின்ட் பூசுகிறவர்கள் நாம். அந்தத் துண்டையும் அடுத்த வருடம் தங்க நிறத்தில் பார்க்கலாம்.

சரி, சண்டைக்கு வரவில்லை. கேட்க வந்ததைக் கேட்கிறேன். இனி யாருடைய வீட்டிலிருந்தாவது பதக்கம் வாங்கினால், முன், பின், விளிம்பு எல்லாவற்றையும் படம் எடுத்து, கீறலும் நாடாவின் நிலையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்து வையுங்கள். கூட வந்த காகிதம், பெட்டி, நூல் எல்லாம் அந்தக் கணக்கில் இருக்கட்டும். துடைக்காதீர்கள். மெல்லிய பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திருப்பித் தராதீர்கள். நம் வெக்கைக்கு அது கசிந்து உலோகத்தில் பச்சையாக ஒட்டிக்கொள்ளும்.

முதலில் அந்தப் பெட்டி. மண்டபத்தின் பின்னறையில் குப்பைப் பைகள் கட்டியபடியே கிடப்பதைப் போன கிழமை கண்டேன். உங்களுக்கு நேரமில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து அவிழ்த்துப் பார்த்து, திரும்பக் கட்டி வைக்கிறேன். தயவுசெய்து சாவியை மட்டும் தந்து உதவுங்கள். அதுவரை பைகளை எரித்துவிட வேண்டாம். பெட்டி சவர்க்காரக் கட்டி அளவுதான் இருக்கும். மண்ணிறம். மூடியின் ஒரு மூலையை எலி கடித்திருக்கும்.

இப்படிக்கு,
பதக்கங்களை நம்பித் தந்த வீட்டுக்காரன்