படம் எடுத்தவர் பெயர் இருக்கிறது, படத்தில் இருப்பவர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையாற்றில் நடந்த ஆற்றுத் திருவிழாவைத் தங்கள் நாளிதழ் அரைப் பக்கத்துக்கு வண்ணப் படங்களாக வெளியிட்டிருந்தது. சுற்றுவட்டாரக் கோயில்களிலிருந்து தீர்த்தவாரிக்கு வந்த சாமிகள், மணலில் நெருக்கியடித்த கூட்டம், மாலை வெயிலில் ராட்டினம் என எல்லாமே நல்ல படங்கள். ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் எடுத்தவரின் பெயர் இருந்தது. கீழே இருந்த வரிகளோ ‘கிழங்கு விற்பனை மும்முரம்’, ‘பலூன் விற்கும் மூதாட்டி’, ‘ராட்டினம் சுற்றும் தொழிலாளி’ என்று இருந்தன. அந்த மூதாட்டி யார், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஒரு சொல்கூட இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கடலூர் முதுநகரைச் சேர்ந்தவள். புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். ஒளிப்படம் என் சிறப்புப் பாடம். செயல்முறைத் தேர்வுக்காகக் கடலூர், புதுச்சேரி வட்டாரத் திருவிழாக்களின் கடைவீதிகளையும் ராட்டினத் திடல்களையும் எடுத்து வருகிறேன். சாமி ஊர்வலத்தை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திடலுக்குள் நுழைந்து அங்கே பிழைப்பவர்களின் முகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படியே பார்த்தாலும் பெயரைக் கேட்பதில்லை.

அன்று அதே மணலில் நானும் இருந்தேன். அதற்கு முந்தைய நாளே போய், லாரியில் வந்து இறங்கிய ராட்டினத்தை நான்கு பேர் பொருத்துவதைப் பார்த்தேன். ஆற்று மணலில் ராட்டினம் நிறுத்துவது எளிதல்ல. முதலில் மணலில் தண்ணீர் ஊற்றி இறுக்குகிறார்கள். அதன்மேல் கனத்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். அடிச்சட்டத்தின் நான்கு மூலையிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தாலும் மெல்லிய பலகைத் துண்டைச் செருகி மறுபடி பார்க்கிறார்கள். போல்ட் முடுக்குகிற பெரியவர் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கியபின் ஸ்பேனரால் ஒருமுறை தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். ஏன் என்று கேட்டேன். தளர்ந்த போல்ட்டின் சத்தம் வேறு மாதிரி இருக்கும் என்றார். மறுநாள் அந்தத் தொட்டிகளில் நம் வீட்டுப் பிள்ளைகள்தான் ஏறினார்கள். அவரைப் பற்றி நாளிதழில் வந்தது ‘தொழிலாளி’ என்ற ஒற்றைச் சொல்.

ஆற்றுத் திருவிழாவுக்கென்றே சுருளிக்கிழங்கு வரும் என்பது நம் மாவட்டத்தாருக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு பை வாங்காமல் திரும்புகிறவர்கள் அரிது. அதைத் தோண்டி, மண் உதறி, மூட்டை கட்டிக் கொண்டுவந்து விற்கும் பெண்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே இடத்தில்தான் கோணியை விரிக்கிறார்கள். வாங்குகிறவர்களில் பலர் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஊருக்குத் தெரிந்த அந்தப் பெயர், படம் அச்சில் ஏறும்போது மட்டும் ஏன் காணாமல் போகிறது?

புதுச்சேரியில் படிப்பவள் என்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1955இல் அங்கே தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் படக் காப்பகத்தில் தென்னிந்தியக் கோயில்களின் படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சிற்பம் என்ற குறிப்புகளோடு அவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதே ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அச்சான அஞ்சலட்டைகளும் இன்று சேகரிப்பாளர்களிடம் கிடைக்கின்றன. அவற்றில் நம் ஊர் மனிதர்கள் தண்ணீர் சுமக்கும் பெண்ணாகவும், வண்டி இழுப்பவராகவும், நாட்டியமாடும் பெண்ணாகவும் நிற்கிறார்கள். பெயரில்லை. வேலைதான் அவர்களின் அடையாளம். கடல் கடந்து வந்து ஆண்டவர்களுக்கு நம்மவரின் பெயர் தேவைப்படவில்லை. கடலூரில் அச்சாகி, கடலூர்க்காரர்கள் வாங்கிப் படிக்கும் நாளிதழுக்கும் அது தேவைப்படாது என்று சொல்ல முடியுமா? கல்லுக்கு இத்தனை குறிப்பு எழுதத் தெரிந்த ஊரில், உயிரோடு எதிரே நிற்பவருக்கு ஒரு வரி எழுத முடியாதா?

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு கெட்டுவிடும் என்று வகுப்பிலும் சொல்கிறார்கள், போட்டிகளுக்குப் படம் அனுப்பும் மூத்தவர்களும் சொல்கிறார்கள். என் அனுபவம் அப்படி இல்லை. இரவுத் திடலில் நல்ல படம் எடுக்க எப்படியும் நேரம் ஆகும். இப்போது எல்லாக் கடைகளிலும் எல்இடி விளக்குகள்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. கண்ணுக்கு அது தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டரை 1/500 நொடியில் வைத்தால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும். 1/100 அல்லது 1/50 என இறக்கினால் பட்டை மறையும். ஆனால் எதிரே இருப்பவர் கையை வேகமாக வீசினாலே படம் கலங்கிவிடும். ஆகவே ஜவ்வு மிட்டாய்க்காரர் குழந்தையின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிவிடும்போது, அவர் கை எந்தக் கணத்தில் நிற்கிறது என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். மிட்டாயை இழுத்து, முறுக்கி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டும் அந்த இடத்தில் ஒரு கணம் கை அசைவற்று நிற்கிறது. அதைத் தெரிந்துகொள்ளவே அவர் பக்கத்தில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் நிற்பவள் பெயர் கேட்காமல் இருப்பதுதான் இயல்புக்கு மாறானது. கேட்ட பிறகு சிறிது நேரம் விறைப்பாக இருப்பார்கள். நான்கு குழந்தைகள் காசை நீட்டியதும் கேமராவை மறந்துவிடுவார்கள்.

வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடி ஐந்தாம் வெள்ளியன்று நடக்கும் தேரோட்டத்தில் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது, பிரெஞ்சு கவர்னர் காலத்திலிருந்து வரும் வழக்கம். அந்த நொடிக்காகக் கேமராக்கள் முண்டியடிக்கின்றன. மறுநாள் எல்லா நாளிதழ்களிலும் அதே படம். அதில் குற்றமில்லை, அது செய்திதான். ஆனால் ஆளுநர் வடத்தை விட்ட பிறகு தேரை நடத்துகிறவர்கள் முட்டுக்கட்டை போடுகிறவர்கள். சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்தபடியே நடக்கிறார்கள். கையில் ஆப்பாகச் செதுக்கிய மரக்கட்டை. அதை நேராகச் செருகினால் சக்கரம் நிற்கிறது, சாய்த்துச் செருகினால் சறுக்கித் திரும்புகிறது. கட்டை சிக்கினால் உருவி எடுக்க வேண்டும். எடுக்கும்போது வடம் இழுபட்டால் கை போய்விடும். தேர் நகரும் நேரமெல்லாம் அவர்கள் கண் சக்கரத்தில்தான் இருக்கிறது. எல்லோரும் கும்பிடும் அம்மனை அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இந்த வேலையைத் தந்தையிடமும் மாமனிடமும் கற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். ஆளுநர் பெயரைப் போடும் வரிக்குக் கீழே இவர்களில் இருவர் பெயராவது வந்தால் அந்தச் செய்தி முழுமையாகும்.

எல்லோருமே பெயர் போடச் சம்மதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் ஓர் இளைஞர், படம் எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கம்பெனி வண்டி ஓட்டுவதாக ஊரில் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாராம். அவர் பெயர் எனக்குத் தெரியும். என் குறிப்பேட்டில் இருக்கிறது, அங்கேயே இருக்கும். கேட்டதால்தான் இது தெரிந்தது. கேட்காமல் எடுத்த முகம் நாளிதழில் வந்து, அதை அந்தத் தாய் பார்த்திருந்தால் யார் பதில் சொல்வது?

அடுத்து மாசி மகம் வருகிறது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சிலும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையிலும் கூட்டம் அலைமோதும். மயிலத்திலிருந்து முருகன், தீவனூரிலிருந்து பிள்ளையார் எனத் தொலைவிலிருந்தும் சாமிகள் வைத்திக்குப்பத்துக்கு வருவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். இங்கே ஒன்றைக் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். கடலில் மூழ்கி எழும் பெண்களை நீண்ட லென்ஸ் வைத்து எடுத்து, அதைப் ‘பக்திப் பரவசம்’ என்று போட்டிக்கு அனுப்புகிறார்கள். ஈரப் புடவையோடு கரையேறும் பெண்ணிடம் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்டால் மறுப்பார் என்பது எடுப்பவருக்கு நன்றாகத் தெரியும். தந்தைக்குத் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டே அழுகிறவரின் முகத்துக்கு எதிரே கேமராவை நீட்டுவதும் அப்படித்தான். கூவாகத்தில் கூத்தாண்டவர் தேரோட்டம் முடிந்து திருநங்கைகள் தாலி அறுத்து அழும் காலையில், ஒரு முகத்தைச் சுற்றிப் பத்து லென்ஸ்கள் வட்டம் கட்டி நிற்கின்றன. அவர்களில் ஒருவர் கையை உயர்த்தி முகத்தை மறைத்தார். மறைத்த அந்தக் கையையும் சேர்த்து எடுத்தார்கள். இப்படி எடுத்த படம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அதற்குப் பரிசு கொடுக்கக் கூடாது.

படம் எடுத்தவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அஞ்சலட்டை அளவில் ஒரு பிரதி அச்சிட ஸ்டுடியோவில் பெரிய செலவாகிவிடாது. ராட்டினக்காரர்களுக்கு நிரந்தர முகவரி இல்லை, எங்கே போய்க் கொடுப்பது என்று கேட்கிறார்கள். அவர்கள் போகும் பாதை பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. ஆற்றுத் திருவிழாவில் பார்த்தவர்களை வடலூர் தைப்பூசத்தில் மறுபடி பார்க்கலாம். ஏழு திரை விலகும் ஜோதியைக் காண வரும் கூட்டத்தை நம்பித்தான் பெருவெளியைச் சுற்றிக் கடை போடுகிறார்கள். பிறகு மாசியில் மேல்மலையனூர் மயானக் கொள்ளை, அப்புறம் மாசி மகம், பங்குனி உத்திரம். அந்தப் பலூன் பாட்டிக்கு நான் எடுத்த படத்தை வடலூரில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்துக்குப் பிறகு தன்னைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை என்றார். அதைப் பையில் வைக்காமல், பலூன் கட்டிய கம்பில் எல்லோரும் பார்க்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டார்.

நாளிதழ்ப் படக்காரர்களின் அவசரம் எனக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்குள் படம் அலுவலகம் சேர வேண்டும், இன்னும் மூன்று ஊர் பாக்கி இருக்கும். கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுத முடியாது, நான் அதைக் கேட்கவும் இல்லை. ஒருவர் மட்டும், அல்லது இருவர் மூவர் மட்டும் இருக்கும் படத்துக்குப் பெயர், ஊர், தொழில் கேட்டு எழுத ஒரு நிமிடம் போதும். சிறுவர் சிறுமியர் என்றால் உடன் வந்த பெரியவரிடம் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். விபத்துச் செய்தியில் காயமடைந்தவரின் பெயர், வயது, தெரு வரை தவறாமல் விசாரித்து எழுதும் நிருபர்கள் உள்ள ஊர் இது.

தங்கள் நாளிதழ் மாசி மகத்தையொட்டி வாசகர்களுக்கு ஒளிப்படப் போட்டி அறிவித்திருக்கிறது. விண்ணப்பத்தில் எடுத்தவரின் பெயர், கேமரா வகை, லென்ஸ், எடுத்த இடம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், தொழில், அவர் சம்மதித்தாரா என்பதற்கும் ஒரு வரி சேருங்கள். குளிப்பவர்களையும் தர்ப்பணம் கொடுப்பவர்களையும் அவர்கள் சம்மதமின்றி எடுத்த படங்களை ஏற்பதில்லை என்று விதியில் எழுதுங்கள். பரிசு பெறும் படத்தின் பிரதி ஒன்றைப் படத்தில் இருப்பவருக்கும் கொடுங்கள். மாசி மகத்துக்கு இன்னும் நாள் இருப்பதால் மாற்றிய விண்ணப்பத்தை அதற்குள் வெளியிட முடியும்.

இப்படிக்கு,
காட்சித் தொடர்பியல் மாணவி,
கடலூர் முதுநகர்.